கருப்பட்டி ஏன் பகலில் அலைந்தான்

ஜனவரி 9, மதியம் இரண்டு மணி. சாப்பிடலாம் என்று வேலை மேசையை விட்டு எழுந்தபோது, கருப்பட்டி தன் கண்ணாடிப் பெட்டியின் முன்கதவு இடுக்கில் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் போவான், திரும்புவான், இடப்பக்கம் வருவான், மறுபடி மூக்கால் தள்ளுவான். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டரை வருடத்தில் மதிய நேரத்தில் அவனை நான் வெளியே பார்த்ததே இல்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பட்டி ஒரு பால் பைத்தான் (ball python), அதாவது பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்து போலச் சுருட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்து விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு வகை. இவன் ஆண், வயது ஐந்து, எடை 1,240 கிராம், நீளம் ஏறக்குறைய 110 செ.மீ. நாங்கள் இருப்பது டொராண்டோவில். வளர்ந்தால் மூன்று மீட்டருக்கு மேல் போகும் பாம்புகளை இந்த நகரத்தில் வளர்க்கக் கூடாது. இவன் அந்த வரம்புக்கு ரொம்பக் கீழே. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம்மூர் மலைப்பாம்பையோ சாரைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அவனுடைய நாள் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். பகல் முழுக்கப் பெட்டியின் சூடான பக்கத்தில் ஒளிவதற்கென வைத்த சின்னக் குகைக்குள் சுருண்டு கிடப்பான். இரவு ஒன்பது மணி வாக்கில் குகை வாசலில் தலை மட்டும் தெரியும். அப்படியே அரை மணி நேரம், நாக்கை மட்டும் நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு. பத்து மணிக்கு மேல் வெளியே வந்து கிளையில் ஏறுவான், தண்ணீர் குடிப்பான், ஒரு சுற்று வருவான். விடியும் முன் உள்ளே போய்விடுவான். இரண்டு வாரத்துக்கு ஒரு எலி, வைத்தவுடன் பிடிப்பான்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் இது மொத்தமும் மாறிப்போயிருந்தது. பகலில் அலைச்சல். இரவில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் மணிக்கணக்காக ஊறல். 12ஆம் தேதி எலியைக் காட்டினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாயோ பூனையோ என்றால் முனகும், காலைச் சுற்றும், எப்படியாவது சொல்லிவிடும். பாம்பு எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது, எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதைத் தவிர நமக்குத் துப்பு எதுவும் கிடையாது. அதனால் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். நேரம், இடம், கிடக்கும் விதம், சூட்டுப் பக்க வெப்பம், குளிர்ப் பக்க வெப்பம், ஈரப்பதம். இரவுக்கு ஒரு மலிவான கேமரா. ஒரு வாரம் பெட்டிக்குள் எதையும் நகர்த்துவதில்லை, அவனைத் தூக்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் நாலு விஷயத்தை மாற்றிவிட்டால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்கு முன் ஒரே ஒரு முறை மட்டும் வெளியே எடுத்து உடம்பைப் பார்த்தேன். தண்ணீரில் ஊறும் பாம்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணி. பாம்பு உண்ணி கடுகில் பாதிகூட இருக்காது, கறுப்பாக இருக்கும்; கண் ஓரத்திலும் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமான வெள்ளை டிஷ்யூ தாளை உடம்பைச் சுற்றிப் பிடித்து, அதற்குள் அவனை ஊர்ந்து போக விட்டேன். தாள் சுத்தம். கிண்ணத்தின் அடியிலும் கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை. மூக்கில் குமிழ் இல்லை, வாயைத் திறந்து மூச்சு விடவில்லை, காதருகே வைத்துக் கேட்டால் கீச்சென்ற சத்தமும் இல்லை. எடை 1,232. கண் தெளிவாக இருந்தது, வயிறு சிவக்கவில்லை. ஆக, சட்டை உரிக்கும் நேரமும் இல்லை.

சாப்பிடாததற்கு ஒரு காரணம் ஊகிக்க முடிந்தது. வயது வந்த ஆண் பால் பைத்தான்கள் குளிர்காலத்தில், அதாவது இணை சேரும் பருவத்தில், வாரக்கணக்காகப் பட்டினி கிடப்பது வழக்கம். ஆனால் பகலில் அலைவதையும் தண்ணீரில் கிடப்பதையும் அதன் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் மேல்மாடிக்காரர்களைச் சந்தேகப்பட்டார். அவர்கள் வீட்டில் அப்போது தரைப்பலகை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக நன்றாகவே உணரும். நியாயமான சந்தேகம்தான். நோட்டு அதை நாலே நாளில் தள்ளிவிட்டது: வேலையாட்கள் வராத சனி, ஞாயிறிலும் அலைச்சல் அதே நேரம், அதே அளவு.

ஏழாம் நாள் நோட்டைப் புரட்டியபோது எனக்கே ஆச்சரியம். தாறுமாறான அலைச்சல் என்று நான் நினைத்திருந்தது தாறுமாறாகவே இல்லை. தினமும் பதினொன்றரை மணி வாக்கில் குகையை விட்டு வெளியே வருகிறான். ஒன்று முதல் நான்கு வரைதான் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கிறான். இருட்டியதும் கொஞ்சம் அடங்குகிறான். அதிகாலை மூன்று முதல் ஆறு வரை மட்டும் பழையபடி சூடான குகைக்குள் சுருண்டு கிடக்கிறான். அப்படியானால் அந்தக் குகை அவனுக்கு அதிகாலையில் பிடிக்கிறது, மதியம் பிடிக்கவில்லை. இரண்டு நேரத்திலும் அதன் வாசலில் தரை எத்தனை டிகிரி இருக்கிறது?

அலாரம் வைத்து அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியைக் குகை வாசல் தரையில் காட்டினேன். 31.6 டிகிரி. சரியான அளவு. மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் காட்டினேன். 38.4.

கை நடுங்கிவிட்டது. முதல் காரியமாக ஹீட்டரை அணைத்தேன். சூட்டுப் பக்கம் 31 முதல் 33 வரை இருக்க வேண்டும். 38 என்பது வெந்துபோகிற சூடு. அவன் அலையவில்லை, தப்பித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வருத்தம் இதில்தான். நோட்டில் வெப்பத்துக்கென்று நானே இரண்டு பத்தி போட்டிருந்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சுவரில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துத்தான் எழுதினேன்; அது காற்றின் வெப்பத்தைக் காட்டியது, அவன் வயிறு படும் தரையை அல்ல. இன்றைக்கு என்றால் முதல் நாளே அந்தத் துப்பாக்கியை எடுப்பேன். எதையும் நகர்த்தாமல் ஒரு வாரம் பார்ப்பது சரி, அளப்பதற்கு எதற்கு ஒரு வாரம்?

காரணம் பெட்டியின் பின்மூலையில் இருந்தது. செராமிக் ஹீட்டர் எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று தெர்மோஸ்டாட் முடிவு செய்வது, வயரின் நுனியில் இருக்கும் சின்ன சென்சாரை வைத்துத்தான். ஜனவரி 2ஆம் தேதி பெட்டியைக் காலி செய்து கழுவியபோது அந்த சென்சாரை எடுத்து, திரும்ப டேப் போட்டு ஒட்டியிருந்தேன். சூட்டில் டேப் இளகி, சென்சார் நழுவி, பின்கண்ணாடிக்கும் தரையில் பரப்பியிருக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கும் நடுவே போய் விழுந்திருக்கிறது. பின்கண்ணாடி வெளிச்சுவரை ஒட்டியிருப்பது, அங்கே எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். சென்சார் “குளிர்கிறது, குளிர்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஹீட்டர் அணையவே இல்லை.

அதிகாலையில் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது என்பதும் அப்போது புரிந்தது. இரவில் வீட்டு ஹீட்டிங்கை 18க்குக் குறைத்துவிடுவோம். அறை குளிர்ந்து கிடப்பதால், இடைவிடாமல் எரியும் ஹீட்டராலும் 31, 32க்கு மேல் ஏற்ற முடியவில்லை. பகலில் அறை 22. போதாக்குறைக்குத் தெற்கு ஜன்னல். இந்த ஊரில் ஜனவரியில் உச்சிவெயிலே தொடுவானத்திலிருந்து 25 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வெயில் சாய்வாக நுழைந்து கூடத்தின் பாதி தூரம் வரை வரும். போன வருடமும் இதே வெயில் வந்தது, ஆனால் அப்போது சென்சார் தன் இடத்தில் இருந்தது. வெயில் ஏற ஏற ஹீட்டர் தானாக அடங்கியது. தெர்மோஸ்டாட்டின் திரையிலும் விஷயம் எழுதியே இருந்தது. 32க்கு வைத்திருந்தும் அது எப்போது பார்த்தாலும் 27, 28 என்றே காட்டிக்கொண்டிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் சமையலறைக்குப் போனேன்.

சென்சாரைச் சூடான குகையின் வாசல் தரையிலேயே வைத்து, வயரை மூலையோடு மூலையாக ஏற்றி, ரப்பர் உறிஞ்சிகளால் மூன்று இடத்தில் பிடிக்கவைத்தேன். பெட்டிக்குள் இனி எந்த டேப்பும் கிடையாது. டேப் நழுவுவது ஒருபக்கம். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு பிய்ந்து வரும். ஹீட்டரைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு மணி நேரமும் துப்பாக்கியால் அளந்து பார்த்தேன். 32, 32.3, 31.8. மதிய வெயிலுக்கு ஜன்னலில் தடித்த திரை.

மூன்றே நாளில் கண்ணாடியில் மூக்கைத் தேய்ப்பது நின்றது. ஆனால் குகைக்குள் போனவன் அங்கேயே இருக்கவில்லை. இரவானால் தண்ணீர்க் கிண்ணம்தான்.

அந்த ஞாயிறு அம்மா போன் செய்தபோது, திண்டுக்கல்லில் இருந்து அவருடைய முதல் கேள்வியே கருப்பட்டியைப் பற்றித்தான். வாங்கிய புதிதில் “வீட்டுக்குள்ள பாம்பா” என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டி, புத்துக்குள்ள சித்திரையிலகூட ஈரம் இருக்கும், கை வெச்சா ஜில்லுன்னு இருக்கும்னு உங்க தாத்தா சொல்லுவாரு. உன் கண்ணாடிப் பெட்டியில ஈரம் இருக்கா?”

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கருப்பட்டியின் இனமும் ஆப்பிரிக்காவில் கறையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும்தான் பகலைக் கழிக்கிறது. வெளியே வறண்டு கிடந்தாலும் புற்றுக்குள் ஈரம் தங்கியிருக்கும். ஆனால் என் பெட்டியில் ஈரம் இருக்கிறதே, ஒட்டியிருக்கும் முள் காட்டும் ஈரப்பதமானி எப்போதும் 60 சதவீதம் என்று சொல்கிறதே? எப்போதும் 60. அந்த ‘எப்போதும்’தான் அன்று என்னை உறுத்தியது.

ஈரப்பதமானியைச் சோதிக்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும்; கரைந்து ஓடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் காற்று புகாமல் மூடி, சாதாரண அறை வெப்பத்தில் எட்டு மணி நேரம் வைத்தால், பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். முள் மானியையும் புதிதாக வாங்கிய டிஜிட்டல் மானியையும் ஒரே பையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் டிஜிட்டல் 73 காட்டியது. முள் 61. பையைத் திறந்து இரண்டையும் மேசையில் வைத்தேன். டிஜிட்டல் மளமளவென்று இறங்கி 26க்கு வந்தது. முள் 60லேயே நின்றது. அதன் முள் சிக்கி எத்தனை மாதமானதோ!

டிஜிட்டல் மானியைப் பெட்டிக்குள் வைத்தால் 31. இந்த ஊர்க் குளிர்காலத்தில் அதில் அதிசயம் இல்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அது காய்ந்த காற்றாகத்தான் இருக்கும். உதடு வெடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசடவென்று பொறி பறக்கும். அவனுக்குத் தேவை 60, சட்டை உரிக்கும் நாட்களில் இன்னும் கூடுதல். சென்ற குளிர்காலத்தில் அவன் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து வந்ததற்கும் அர்த்தம் அன்றுதான் தெரிந்தது.

வலை மூடியின் மூன்றில் இரண்டு பங்கை, ஹீட்டர் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, வெளிப்பக்கமாக அலுமினியத் தாளால் மூடினேன். தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பத்து செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினேன், பையில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. தண்ணீரை மேலே தெளிக்கவில்லை, நான்கு மூலைகளிலும் அடிவரை இறங்கும்படி ஊற்றினேன். மேல்பரப்பு காய்ந்தும் அடி ஈரமாகவும் இருக்க வேண்டும். எந்நேரமும் நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வந்து அழுகிவிடும்.

அடுத்து, புற்று. மூடியோடு கூடிய ஆறு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் எட்டு செ.மீ. அகலத் துளை, துளையின் விளிம்பை உப்புத்தாளால் விரல் வழுக்கும் வரை தேய்த்தேன். உள்ளே ஸ்பாக்னம் பாசி. அதை ஊறவைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து, இனி ஒரு சொட்டும் விழாது என்ற நிலையில் உதிர்த்துப் பரப்ப வேண்டும். தொட்டால் விரல் குளிர வேண்டும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. டப்பாவைக் குளிர்ப் பக்கமாக, நடுவைத் தாண்டி வைத்தேன். அந்தப் பக்கம் அதுவரை இருந்தது இரண்டு பக்கமும் திறந்த மரப்பட்டை வளைவு, அழகுக்காக வாங்கியது. சூட்டுக்கு பயந்து ஓடிவந்தவனுக்கு இந்தப் பக்கம் ஒளிய ஒரு இடமே இருந்திருக்கவில்லை.

ஜனவரி 24 முதல் நான்கு இரவுகள், கேமராவில் ஒரே காட்சி. வாசல் வரை வருவான், தலையை உள்ளே விடுவான், நாக்கை நீட்டுவான், பின்வாங்குவான். என் மகள்தான் சொன்னாள்: “அம்மா, அது கண்ணாடி மாதிரி இருக்கே. உள்ளே இருந்தாலும் எல்லாரும் பார்ப்பாங்கல்ல?” உண்மைதான், ஒளி ஊடுருவும் டப்பா. அதோடு அவனுக்குப் பெரியது. புற்றுக்குள் அவன் உடம்பின் எல்லாப் பக்கமும் மண் உரசும். அந்த உரசல்தான் அவனுக்குப் பாதுகாப்பு. 28ஆம் தேதி மூன்றரை லிட்டர் டப்பாவாக, கறுப்பு நிறத்தில் மாற்றினேன். சுருண்டால் மூன்று பக்கச் சுவரும் முதுகில் படும் அளவு. அன்று இரவு 11.40க்கு உள்ளே போனவன் மறுநாள் இரவு ஒன்பதரைக்குத்தான் தலையை நீட்டினான்.

தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறுவது அந்த வாரமே நின்றது. மானி 58, 62, 60. இந்த முறை உண்மையான 60.

பிப்ரவரி 6, கண்ணில் பால் படர்ந்தது போல ஒரு நீலச் சாம்பல். பாம்புக்கு இமை இல்லை. கண்மேல் இருப்பது ஒரு ஒளி புகும் செதில், சட்டையோடு சேர்ந்து அதுவும் கழலும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் சுரக்கும் அந்த நாட்களில் அவனுக்குப் பார்வை மங்கிவிடும், அதனால் தொடுவதில்லை. 11ஆம் தேதி கண் தெளிந்தது. 15 காலை, டப்பாவின் வாசலில் சட்டை கிடந்தது. ஒரே துண்டு, காலுறையைக் கழற்றினால் உட்புறம் வெளியே வருமே, அப்படி. இன்னும் ஈரம் காயவில்லை. தலைப்பகுதியை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக, ஊசியால் குத்தியது போல. அதற்கு மேலே இரண்டு கண்செதிலும் சின்ன லென்ஸ் மாதிரி முழுசாக இருந்தன. இந்த இரண்டும் சட்டையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “நம்ம வைக்கப்போருல கிடக்குமே, அதே மாதிரி” என்று பதில் வந்தது.

எலியை மட்டும் தொடவில்லை. ஜனவரி 26, பிப்ரவரி 20, மார்ச் 8, மூன்று முறையும் மறுப்பு. முதல் நாள் இரவு குளிர்சாதனப் பெட்டியில் உறைநீக்கி, பையோடு 40 டிகிரி வெந்நீரில் வைத்து, தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடாகக் காட்டியும் பலனில்லை. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். எடையில் பத்து சதவீதம் குறைந்தால், அல்லது மூக்கில் குமிழோ வாயில் கோழையோ கண்டால், உடனே கொண்டு வாருங்கள் என்றார். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்தேன். 1,218. 1,196. 1,171. ஆறு சதவீதம்கூடத் தாண்டவில்லை. வெப்பமும் ஈரமும் ஒளிவிடமும் சரியாக இருக்கும்போது, பருவத்தால் வரும் பட்டினியை நான் சரிசெய்யப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை எலியை நீட்டி அவனைத் தொந்தரவு செய்வது பாசம் ஆகாது.

நோட்டை இன்னும் எழுதுகிறேன், தினமும் ஒரு வரி மட்டும். சென்சார் வயரைச் சனிக்கிழமைகளில் தொட்டுப் பார்க்கிறேன், மானிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு உப்புப் பரீட்சை. மார்ச் மூன்றாம் வாரத்து வரிகள் இப்படி இருக்கின்றன:

மார்ச் 20: பகல் முழுக்கச் சூடான குகை. இரவு 9.15 தலை வெளியே.
மார்ச் 21: 9.05 தலை வெளியே. நாக்கு வேகமாக. கழுத்து ‘எஸ்’ போல வளைந்திருக்கிறது.
மார்ச் 22: 9.10 எலி வைத்தேன். 9.11 பிடித்துவிட்டான். 83 நாள்.